இருபத்தேழு நிமிடச் சுங்கம்

ஞாயிறு, காலை 7.40. கோலாலம்பூர் விமான நிலையத்தில் இறங்கினோம். நான், அம்மா, அம்மாவின் தம்பி முனுசாமி மாமா என மூவர். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர் நல அலுவலராக இருக்கிறேன். சமூகப்பணி படித்தவள். அம்மா ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமத்துக்காரர், சில ஆண்டுகளாக என்னோடு இருக்கிறார். மாமா ராயக்கோட்டையிலிருந்து தக்காளி ஏற்றிச் செல்லும் சிறிய சரக்கு வண்டி வைத்திருக்கிறார். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே அவர் அறியாத சாலை இல்லை. வெளிநாட்டில் நான் கார் ஓட்டுவதாக இருந்ததால், பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று தம்மைத் தாமே நியமித்துக்கொண்டவர். இதற்கு முன் அவர் போன அதிகபட்ச தூரம் திருப்பதி.

பயணத்தின் நோக்கம் ஒன்றே ஒன்று. என் தம்பி சேகரை அம்மா பார்க்க வேண்டும். ஓசூரில் நான்கு ஆண்டுகள் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்துவிட்டு, பினாங்கு மாநிலத்தில் ஒரு தொழிற்சாலைக்கு இயந்திரப் பராமரிப்பு வேலையாகச் சென்றவன் அவன். மூன்று ஆண்டுகளாக அம்மா அவனைக் கைபேசித் திரையில் மட்டுமே பார்த்திருக்கிறார். செவ்வாய், புதன் இரண்டு நாள்கள் அவனுக்கு விடுப்பு கிடைத்திருந்தது. ஞாயிறன்று கோலாலம்பூரில் தங்கிவிட்டு மறுநாள் நிதானமாக வடக்கே போவது என்பது என் திட்டம். வாடகைக் காரை மூன்று வாரங்களுக்கு முன்பே பதிவு செய்திருந்தேன். ஓசூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆயிரம் ரூபாய் கட்டிப் பன்னாட்டு ஓட்டுநர் உரிமமும் வாங்கியிருந்தேன். அந்த நாட்டின் சாலை விதிகளை அச்சிட்டுப் படித்து, முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் தீட்டியிருந்தேன்.

குடிநுழைவு வரிசையைக் கடந்து 9.10க்கு வெளியே வந்து கைபேசியை இயக்கியபோது சேகரின் குரல் பதிவு வந்திருந்தது. "அக்கா, திடீர்னு கூச்சிங் பிளான்ட்டுக்கு அனுப்புறாங்க. நாப்பத்தஞ்சு நாளு. இன்னைக்கே சாயங்காலம் நாலு அம்பதுக்கு பிளைட்டு. ரெண்டரைக்கு ஹாஸ்டல்ல இருந்து வேன் கிளம்புது. ஒரு இருபது நிமிஷம் நிறுத்தி வெக்கிறேன். நீங்க இப்பவே கிளம்பிடுங்க."

கூச்சிங் கடலுக்கு அப்பால் உள்ள நகரம். எங்கள் திரும்பும் பயணச்சீட்டு வியாழக்கிழமைக்கு. அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என் கைபேசியை வாங்கி அந்தப் பதிவைத் தாமும் ஒருமுறை கேட்டார்.

"ரெண்டரைக்குள்ள போயிடலாமா பாப்பா?"

"முந்நூத்தி நாப்பது கிலோமீட்டர்மா. ரெண்டே முக்காலுக்குள்ள போயிடலாம்."

"அப்ப நிக்காத. நட."

காலை 9.45. வாடகை அலுவலகம். நாளொன்றுக்கு நூற்றெண்பது ரிங்கிட். ஒரு ரிங்கிட் ஏறத்தாழ இருபது ரூபாய். சாவியைத் தந்த சீனப் பெண், காரின் முன்பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டி, நெடுஞ்சாலையில் ரொக்கம் வாங்கமாட்டார்கள், இந்த அட்டையில் பணம் இல்லை, எதிர்க் கடையில் ஏற்றிக்கொண்டு போங்கள் என்று தெளிவாகவே சொன்னார். எதிர்க் கடையில் ஆறு பேர் நின்றிருந்தனர். மாமா காரைச் சுற்றிவந்து முன்கண்ணாடியைத் தட்டினார்.

"கார்டு எதுக்கு கண்ணு? இதா ஒட்டியிருக்கான் பாரு ஃபாஸ்டேக்கு. நம்ம வண்டில இருக்கறதே இத்தினூண்டுதான். இது நல்லா பெருசாவே ஒட்டியிருக்கான்."

கண்ணாடியில் ஒரு பட்டை ஒட்டியிருந்தது உண்மை. ஆறு பேர் நின்றிருந்ததும் உண்மை. சுங்கம் என்றால் கண்ணாடியில் ஒட்டிய பட்டை, பட்டை இருந்தால் தடுப்புக் கம்பு உயரும் என்பது எங்கள் ஊர்ச் சாலையில் தினமும் போய்வந்து உடம்பில் ஏறிய பாடம். அந்தப் பெண் சொன்னதைவிட அந்தப் பாடத்தை நம்பினேன். மஞ்சள் தீட்டிய தாள்கள் பையிலேயே இருந்தன.

காலை 10.15. விமான நிலையத்திலிருந்து பன்னிரண்டாம் நிமிடத்தில் முதல் சுங்கச்சாவடி. பட்டை உள்ள வண்டிகளுக்கான தடத்தில் புகுந்தேன். கம்பு உயரவில்லை. அரை அடி பின்னுக்கு வந்து மீண்டும் முன்னே போனேன். உயரவில்லை. பின்னால் ஐந்தாறு கார்கள் சேர்ந்துவிட்டன. ஒருவரும் ஒலிப்பானை அழுத்தவில்லை. கிருஷ்ணகிரியாக இருந்தால் இந்நேரம் நான்கு பேர் இறங்கிவந்து ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள், ஒருவர் என் பிறப்பையே விசாரித்திருப்பார். இங்கே நிலவிய அந்த மரியாதையான அமைதியில் எனக்கு முதுகு வியர்த்தது.

சீருடை அணிந்த மலாய்க்காரர் ஒருவர் வந்து பட்டையைப் பார்த்தார். அது காரின் பழைய உரிமையாளருடையது, எப்போதோ காலாவதியானது. பின்னாலிருந்த கார்களை ஒவ்வொன்றாக நகர்த்தச் செய்து எங்களை ஓரத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த சாளரத்தில் அட்டைக்கு ஐம்பது ரிங்கிட் ஏற்றினேன். பக்கத்துத் தடத்தில் அட்டையைத் தொட்டதும் கம்பு உயர்ந்தது. மணி 10.40. அந்த ஆறு பேருக்குப் பின்னால் நின்றிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

"விடு கண்ணு," என்றார் மாமா. "நம்ம ஊரு டயத்துக்கு இப்ப எட்டு பத்துதான் ஆவுது." அவர் தம் கைக்கடிகாரத்தைத் திருத்த மறுத்திருந்தார். திரும்பிப் போய் மறுபடி திருத்த வேண்டுமே என்பது அவர் வாதம்.

"அந்த டயத்துக்கு உன் மருமவன் நிப்பானா?" என்று பின்னிருக்கையிலிருந்து அம்மா கேட்டார். மாமா கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சாலையைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். ஒரு திசைக்கு மூன்று தடங்கள். இருமருங்கும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள், சில இடங்களில் சுண்ணாம்புக் குன்றுகள். குறுக்கே ஆடோ, எதிர்த்திசையில் இருசக்கர வண்டியோ, நடுவே பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றும் லாரியோ இல்லை. வேக வரம்பு நூற்றுப்பத்து. நான் அதில் ஒன்றுகூடக் கூட்டவில்லை. அம்மா இருக்கையில் சாயாமல், மடியில் ஓர் எவர்சில்வர் டப்பாவை வைத்துக்கொண்டு வந்தார். சேகருக்காகச் சுட்ட கேழ்வரகு முறுக்கும் நிலக்கடலை உருண்டையும் அதில் இருந்தன. மூடி திறந்துகொள்ளாமல் வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார். பைகள் எல்லாம் பின்பெட்டியில் கிடக்க, அதை மட்டும் விமானத்திலும் மடியிலேயே வைத்து வந்திருந்தார்.

பகல் 12.30. தாப்பா என்ற ஊருக்கு அருகே ஓய்விடம். அம்மாவுக்குக் கழிப்பறை தேவைப்பட்டது. பன்னிரண்டே நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில்தான் இரண்டாவது தவறு நடந்தது.

வழியில் பார்த்த பலகைகளைக் கணக்கிட்டு, ஐம்பது ரிங்கிட் கடைசிவரை போதுமா என்ற அச்சம் எனக்கு வந்திருந்தது. ஓய்விடக் கடையில் பணம் ஏற்றும் இயந்திரம் வேலை செய்யவில்லை. ஆனால் புதிய அட்டை விற்றார்கள். மாமாவிடம் பணத்தைக் கொடுத்தேன். எண்பது ரிங்கிட் ஏற்றிய ஒரு புதிய அட்டையோடு வெற்றி வீரராகத் திரும்பினார்.

"இனிமே எத்தினி டோல்கேட்டு வேணா வரட்டும். அந்தப் பழசு எங்க கண்ணு? குடு. ரெண்டும் ஒண்ணாவே இருக்குது, மாத்தி வெச்சிட்டீன்னா மறுபடியும் நட்ட நடுவுல நிப்போம்." பழைய அட்டையை வாங்கிப் பின்னால் நீட்டினார். "அக்கா, இத எங்கனா போடு."

அம்மா அப்போது மாமாவுக்கு ஒரு முறுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு டப்பாவைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். அட்டையை வாங்கிக்கொண்டார். அது எங்கே போனது என்று எங்களில் யாரும் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் அந்நாட்டுச் சுங்கமுறையை விளக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரிலிருந்து போகும் எவரும் செய்யக்கூடிய பிழை இது. நமக்கு ஒவ்வொரு சுங்கச்சாவடியும் தனித்தனி. பணத்தைக் கட்டினால் அந்த உறவு அங்கேயே முடிந்தது. நீங்கள் ஓசூரிலிருந்து வருகிறீர்களா, ஜம்முவிலிருந்து வருகிறீர்களா என்று கிருஷ்ணகிரிச் சாவடி கேட்பதில்லை. அங்கே அப்படியன்று. நுழையும்போது அட்டையைத் தொட்டால் நுழைந்த இடம் அந்த அட்டைக்குள் பதிகிறது. வெளியேறும்போது அதே அட்டையைத் தொட்டால், வந்த தூரத்துக்கான கட்டணம் கழிகிறது. நடுவில் கம்பே கிடையாது. வேறு அட்டையைத் தொட்டால், வானத்திலிருந்து குதித்தவர்களைப் போல எங்கிருந்தும் வராதவர்கள் ஆகிவிடுகிறோம். இதுவும் மஞ்சள் தீட்டிய வரிகளில் ஒன்று. அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

பிற்பகல் 2.35. பட்டர்வொர்த் நகருக்கு முன்னால் உள்ள ஒரு வெளிவழியில் சுங்கச்சாவடி. அங்கிருந்து சேகரின் விடுதிக்கு ஆறு கிலோமீட்டர். அம்மா கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியைக் கோதிக்கொண்டார். புதிய அட்டையைத் தொட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மீண்டும் தொட்டேன். சிவப்பு.

உதவிப் பொத்தானை அழுத்தியதும் ஓர் இளம்பெண் ஓடி வந்தார். மார்பில் புஷ்பா என்று பெயர். எங்களைப் பார்த்ததும் தமிழிலேயே பேசினார். அந்நாட்டுத் தமிழ்.

"உள்ள வரும்போது எந்தக் கார்டு தொட்டீங்க அக்கா?"

"இன்னொரு கார்டு. அதுவும் எங்ககிட்டதான் இருக்கு."

"அதைக் குடுங்க, பிரச்சனையே இல்லை."

அது கிடைக்கவில்லை. மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா கைப்பையைக் கவிழ்த்தார். திருநீற்றுப் பொட்டலம், மூக்குக்கண்ணாடி, ஓசூர்ப் பேருந்துச் சீட்டு, எல்லாம் விழுந்தன. அட்டை விழவில்லை.

"உங்கிட்டதானே அக்கா குடுத்தேன்?"

"குடுத்த. எங்கியோ பத்திரமாத்தான் வெச்சேன். எங்கன்னு தெரியலியே முனுசாமி."

புஷ்பா காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி, முதல் நிமிடத்திலேயே வழியும் சொன்னார். "கார்டு இல்லைன்னா மேக்சிமம் கட்டணும் அக்கா. ரொம்ப தூரத்துல இருந்து வந்த மாதிரி கணக்கு. நூத்தி எட்டு ரிங்கிட். கட்டிட்டுப் போயிடுங்க. பிறகு அந்தக் கார்டு கிடைச்சா எழுதிப் போடலாம்."

நாங்கள் வந்த தூரத்துக்கு உரிய கட்டணம் நாற்பத்தாறு. வித்தியாசம் அறுபத்திரண்டு ரிங்கிட், ஆயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய். அதை நான் உடனே கட்டியிருக்க வேண்டும்.

கட்டவில்லை. பயணிக்காத தூரத்துக்கு ஒருவரிடம் எப்படிக் கட்டணம் வாங்கலாம் என்று கேட்டேன். நான் காலையில் எந்தச் சாவடியில் நுழைந்தேன், எத்தனை மணிக்கு, எந்தச் சாளரத்தில் பணம் ஏற்றினேன் என்பதெல்லாம் என்னிடம் இருந்தது. ரசீதும் இருந்தது. அங்கே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள் என்றேன். புஷ்பா என்னைச் சாவடி அலுவலகத்துக்குள் தம் மேற்பார்வையாளரிடம் அழைத்துப்போனார். மேற்பார்வையாளர் பொறுமையானவர். ரசீதில் பணம் ஏற்றியது இருக்கிறது, நுழைந்தது இல்லை என்றார். அப்படியானால் ஒளிப்படக்கருவிப் பதிவைப் பாருங்கள் என்றேன். பார்க்கலாம், நேரமாகும் என்றார். காத்திருக்கிறேன் என்றேன்.

என் வேலையே அதுதான். இரண்டு மணிநேர மிகைநேரக் கூலி விடுபட்ட தொழிலாளிக்காக மூன்று நாள் அலுவலகத்துக்கும் மேலாளர் அறைக்கும் நடந்து வாங்கித் தந்திருக்கிறேன். சிறிய தொகைதானே என்று விட்டால் அடுத்த மாதமும் விடுபடும் என்பது என் அனுபவம். அந்த அனுபவத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய், அது தேவைப்படாத ஓரிடத்தில், தேவைப்படாத ஒரு நேரத்தில் இறக்கிவைத்தேன். காரில் அம்மா டப்பாவோடு உட்கார்ந்திருப்பது சாளரத்தின் வழியே எனக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

2.44. சேகர் அழைத்தான். "எங்க இருக்கீங்க?"

"டோல்கேட்லதான் சேகர். அஞ்சு நிமிஷம்."

மாமா என் அருகே வந்து மெல்லச் சொன்னார். "கண்ணு, கட்டிட்டு வா. நான் வேணா அந்தப் பணத்தைத் தரேன்."

"பணம் இல்ல மாமா விஷயம். அவங்க பதிவைப் பார்த்துக்கிட்டே இருக்காங்க. முடிஞ்சிடும்."

"ஒரு ரூவாய்க்கு ஊரச் சுத்தறவன்னு என்னைச் சொல்லுவ. நீ என்னா பண்ற?"

மாமா கிருஷ்ணகிரிச் சாவடியைத் தவிர்க்கக் கிராமச் சாலைகளில் நாற்பது நிமிடம் சுற்றுபவர். அதற்காக நான் அவரிடம் டீசல் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன், ஒருமுறையன்று.

2.55. மறுபடி சேகர். "அக்கா, டிரைவர் திட்டுறாரு. என்னால எல்லாருக்கும் லேட்டு. மூணு அம்பதுக்குள்ள பேக் போடலன்னா ஏத்த மாட்டாங்க. வேன் கிளம்புது. நாங்களும் அந்த டோல்கேட் வழியாத்தான் வருவோம். பாத்துக்கினே இருங்க."

மேற்பார்வையாளரிடம் திரும்பினேன். பதிவு வேண்டாம், நூற்றெட்டையும் கட்டுகிறேன் என்றேன். கோப்பு ஏற்கெனவே மேலே போயிருந்தது. அதைத் திரும்பப் பெற ஒரு படிவம், ஒரு கையெழுத்து, இன்னொரு தொலைபேசி அழைப்பு. அட்டையிலிருந்த எண்பதோடு மேலும் பணம் ஏற்றி, நூற்றெட்டு கழிந்து ரசீது கையில் வந்தபோது மணி 3.02. முதல் நிமிடத்தில் கேட்ட அதே தொகை.

வெளியே ஓடிவந்தேன். அம்மா காரிலிருந்து இறங்கி நின்று எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வெளியேறும் பக்கத்தின் ஓரத்தில் இருந்தோம். நுழையும் பக்கத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. இரண்டுக்கும் இடையே பத்துத் தடங்கள், அவற்றின் நடுவே இடுப்பளவு கான்கிரீட் சுவர்கள். வேனிலிருந்து நீலச் சீருடையில் ஒருவன் இறங்கி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தினான்.

அம்மா நேராக நடக்கத் தொடங்கினார். முதல் தடத்திலேயே ஒரு சரக்குந்து வந்துகொண்டிருந்தது. புஷ்பா ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"குறுக்க போகக் கூடாது மா. அடிச்சிடும்."

"அதா நிக்கிறாம்மா என் புள்ள. எம்மாம் தூரம்? இங்கதானே நிக்கிறான்."

காரில் போகலாம் என்றால் அந்தப் பக்கம் திரும்பிவர நான்கு கிலோமீட்டர். வேன் நிற்பது மூன்று நிமிடம்தான் என்று சேகர் கைபேசியில் சொன்னான். ஊழியர்கள் தடங்களைக் கடப்பதற்கு நிலத்துக்கடியில் ஒரு நடைவழி இருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் புஷ்பா கவனித்துவிட்டார்.

"ஸ்டாஃப் மட்டும்தான் அக்கா. கேமரா இருக்கு. அம்மாவை விட்டேன்னா என் வேலை போயிடும்."

இருபத்தேழு நிமிடம் விதி பேசியவளுக்கு அப்போது பேச ஒரு விதியும் இல்லை. அந்தப் பெண்ணைக் கெஞ்சியிருக்கலாம். கெஞ்சியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார். பிறகு அவருக்காக எந்த நல அலுவலர் மேலாளர் அறைக்கு நடப்பார் என்று யோசித்தேன், வாயைத் திறக்கவில்லை. அந்த ஒன்றைச் சரியாகச் செய்தேனா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

புஷ்பா அம்மாவின் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். "இது அண்ணனுக்கா? குடுங்க, நான் கொண்டு போறேன்." வாங்கிக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினார்.

கைபேசியை அம்மாவின் காதில் வைத்தேன்.

"அம்மா, தெரியிறனா?"

"தெரியுது சாமி. எளச்சிட்டியே."

"தூரத்துல அப்டித் தெரியும்மா. நீ எப்டி இருக்க?"

"எனக்கென்னா, நல்லாத்தான் இருக்கேன். சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீ?"

"உன்னோட சாப்ட்லாம்னு இருந்தேன்."

சரக்குந்துகள் நடுவே போகும்போதெல்லாம் அவன் மறைந்தான், மறுபடி தெரிந்தான். அம்மா ஒவ்வொரு முறையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து பார்த்தார். அந்தப் பக்கப் படியில் புஷ்பாவின் தலை தெரிந்தது. சேகர் டப்பாவை வாங்கித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். வேன் ஒருமுறை ஒலித்தது. அந்த நாட்டில் நான் கேட்ட ஒரே ஒலிப்பான் அது. அவன் ஏறினான். வேன் சாவடிக்குள் நுழைந்தது, ஓட்டுநரின் கை வெளியே வந்து அட்டையைத் தொட்டது. ஒரு சுங்கக் கம்பு உயரக் கூடாது என்று என் வாழ்க்கையில் நான் வேண்டிக்கொண்டது அந்த ஒருமுறைதான். அது உடனே உயர்ந்தது.

விமான நிலையத்துக்கும் போனோம். பினாங்குத் தீவுக்குப் போகும் பாலத்தைக் கடந்து 4.10க்குச் சேர்ந்தோம். அவன் சோதனையைக் கடந்து உள்ளே போயிருந்தான். கண்ணாடிக் கதவருகே காவலர் கைகாட்டிய இடத்தில் அம்மா சிறிது நேரம் நின்றார். பிறகு, "வா, போலாம். முனுசாமி காலையில இருந்து சோறு துன்னல," என்றார்.

திங்கள், காலை 8.00. பினாங்குத் தீவில் ஒரு விடுதி. சேகரிடமிருந்து ஒரு படம் வந்தது. திறந்த டப்பா, பக்கத்தில் அவிழ்த்து விரித்த துணி, துணியின் மேல் ஓர் அட்டை. கீழே எழுதியிருந்தான்: "அக்கா, இது என்னா கார்டு? முறுக்குக்குள்ள இருக்குது."

நான் அலுவலகத்தில் பதிவைத் தேடவைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது அம்மாவின் மடியில் இருந்திருக்கிறது. படத்தை அம்மாவிடம் காட்டலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். காட்டினால் பழியைத் தம் தலையில் போட்டுக்கொள்வார். காட்டாவிட்டால் எங்கே வைத்தேன், எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டே இருப்பார். காட்டினேன்.

கண்ணாடி அணிந்து உற்றுப் பார்த்தார். "ஆமா. இந்த ஒண்ணுதானே என் கைய விட்டு எறங்கவே எறங்காதுன்னு அதுல வெச்சேன்," என்றார். கண்ணாடியைக் கழற்றி, "நீ அவ்ளோ நேரம் பேசிக்கினு இருந்தியே, நாந்தான் கெடுத்தேன்," என்றார்.

இல்லையம்மா, அட்டை இல்லாமலே போயிருக்கலாம், முதல் நிமிடத்திலேயே வழி சொன்னார்கள், அறுபத்திரண்டு ரிங்கிட்டுக்காக நான்தான் போகவில்லை என்று அவரிடம் விளக்கமாகச் சொன்னேன். அம்மா முழுவதையும் கேட்டார். "நாயமாத்தானே கேட்ட," என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

புதன் வரை பினாங்கில் இருந்தோம். பார்க்க வேண்டியவை என்று பட்டியலிட்டிருந்தவற்றைப் பார்த்தோம். அம்மா எல்லாவற்றையும் மரியாதைக்காகப் பார்த்தார். திரும்பும்போது அதே சாவடியில் நுழைந்து, தொட்ட புதிய அட்டையை என் சட்டைப் பையிலேயே வைத்திருந்து, முந்நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் அதே அட்டையால் வெளியேறினோம். கழிந்தது நாற்பத்தாறு ரிங்கிட். எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு என்று என் குறிப்பேட்டில் எழுதினேன். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அந்த நாட்டில் கார் ஓட்டப்போகும் எவருக்கும் அதைத்தான் சொல்வேன்: சாலை நல்லது, முறை நல்லது, ஒரே அட்டையைக் கடைசிவரை கையில் வைத்திருங்கள். பட்டையை நம்பாதீர்கள். தவறு நேர்ந்தால் கேட்டதைக் கட்டிவிட்டு நகருங்கள்.

இந்தக் கடைசி வரியை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கேட்டதைக் கட்டிவிட்டு நகருங்கள் என்று என் தொழிற்சாலையில் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை, இனியும் சொல்லமாட்டேன். எந்த இடத்தில் நிற்க வேண்டும், எந்த இடத்தில் நகர வேண்டும் என்பதைப் பாடமாகச் சொல்லித்தரும் தகுதி எனக்கு இல்லை. காரில் யார் காத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்பதுவரை சொல்லலாம்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை முற்பகல், அம்மாவை ஊத்தங்கரைக்கு அழைத்துப்போனேன். மாமாவும் வந்தார். கிருஷ்ணகிரிச் சுங்கச்சாவடியில் நல்ல கூட்டம். விடுமுறைக்காரர்கள், ஓசூர் ஆலைகளுக்கு உதிரிப்பாகம் ஏற்றும் லாரிகள், முன்னும் பின்னும் ஒலிப்பான்கள். மாமா ஜன்னல் வழியே தலையை நீட்டி, முன்னால் நின்ற கர்நாடகப் பதிவெண் காருக்குக் கன்னடத்தில் ஏதோ அறிவுரை சொன்னார். அந்த ஆள் தெலுங்கில் பதில் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். வரிசை நகரவில்லை.

வெள்ளரிக்காய்த் தட்டைத் தலையில் வைத்த ஒரு பெண் எங்கள் காருக்கு முன்னால் புகுந்தார். ஒரு லாரியின் முகப்பைக் கையால் தட்டி நிறுத்தினார். அடுத்த தடம், அதற்கடுத்த தடம், நடுச் சுவரின் இடைவெளியில் ஒரு காலைத் தூக்கிவைத்து எதிர்ப்பக்கம் இறங்கினார். சேலம் பக்கமிருந்து வரும் ஒரு பேருந்தின் ஜன்னலில் வெள்ளரிக்காயை நீட்டி, காசை வாங்கி, அதே வழியில் திரும்பி நடந்து வந்தார்.

அம்மா அவர் போனதையும் பார்த்தார், வந்ததையும் பார்த்தார்.

"இங்கன்னா நானே போயிருப்பேன்," என்றார்.